பக்கத்து ஓபரா குழுவின் புது சீசன்: மூன்றுமே பழைய படைப்புகள், சந்தா எடுக்கலாமா?

நிலாமுற்றம் எழுதியது:

எங்கள் வட்டாரத்தில் இயங்கும் ஓபரா குழு அடுத்த சீசனுக்கான பட்டியலை வெளியிட்டிருக்கிறது. முதலில் மோட்சார்ட்டின் "ஃபிகரோவின் திருமணம்", நடுவில் பூச்சினியின் "லா போயெம்", கடைசியாக பிஸேயின் "கார்மென்". மூன்றுக்கும் சேர்த்துச் சந்தா எடுத்தால் கொஞ்சம் குறைவாக வரும், தனித்தனியாகவும் டிக்கெட் வாங்கலாம்.

நான் இதுவரை ஓபராவை நேரில் பார்த்ததில்லை. தனிப் பாடல்களாக நிறையக் கேட்டிருக்கிறேன், சில ஆரியாக்கள் (ஓபராவில் ஒருவர் தனியாகப் பாடும் பாட்டுகள்) மனப்பாடமே ஆகிவிட்டன, ஆனால் அவற்றை யார் யாரைப் பார்த்து எந்தச் சூழ்நிலையில் பாடுகிறார்கள் என்று கேட்டால் பாதிக்கு எனக்குப் பதில் தெரியாது. மூன்று மணி நேரம் முழுசாக உட்கார்ந்து பார்க்க முடியுமா என்ற தயக்கம் ஒரு பக்கம். இத்தாலியனும் பிரெஞ்சும் தெரியாது என்பது இன்னொரு பக்கம்.

அதோடு, இசை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "இதே மூன்றைத்தான் எல்லா ஊர்க் குழுவும் திரும்பத் திரும்பப் போடுகிறது, பெரிய அரங்குகளின் பதிவுகள் கொட்டிக் கிடக்கும்போது சின்னக் குழுவிடம் போய் என்ன பார்க்கப் போகிறாய்" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால் இங்கே கேட்கிறேன்: மூன்றும் பார்க்கலாமா, ஒன்றே ஒன்றுதான் என்றால் எது? சின்னக் குழு பழைய படைப்புகளையே போடுவது துணிச்சல் இல்லாததாலா?

---

மேல்மாடி எழுதியது:

உங்கள் நண்பர் சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதிவில் கேட்பதும் அரங்கில் கேட்பதும் ஒன்றல்ல, அதற்குக் காரணம் ரொம்ப எளிமையானது: ஓபராவில் மைக் கிடையாது. மேடைக்கு முன்னால் குழிக்குள் ஐம்பது அறுபது பேர் வாசிக்கிறார்கள், அத்தனை பேரையும் தாண்டி ஒரே ஒரு தொண்டை கடைசி வரிசை வரை வந்து சேர வேண்டும். இது வெறும் சத்தத்தால் நடப்பதில்லை. நல்ல பயிற்சி பெற்ற குரலில் 3000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய பகுதியில் ஒரு தனிச் செறிவு உண்டாகிறது, ஆர்கெஸ்ட்ராவின் பலமோ அதற்கு வெகு கீழே, 500 ஹெர்ட்ஸ் வாக்கில் குவிந்திருக்கிறது. குரல் அந்த இடைவெளியில் நுழைந்து வெளியே வந்துவிடுகிறது. பதிவில் ஒலிப்பதிவாளர் எல்லாவற்றையும் சமன் செய்து கொடுத்துவிடுவதால் இந்தப் போராட்டமே காதில் விழாது. நேரில், அதுவும் சின்ன அரங்கில், டெனர் (உயர்ந்த ஆண் குரல்) மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அது உங்கள் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். உலகப் புகழ் பெற்ற குரலைக் கைபேசியில் கேட்பதைவிட, பெயர் தெரியாத நல்ல குரலைப் பத்தாவது வரிசையிலிருந்து கேட்பது மேல் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஒன்றே ஒன்றுதான் என்றால் "லா போயெம்". முதல் காரணம் நீளம். நான்கு அங்கங்கள் இருந்தும் இசை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், இடைவேளை தனி. 1896 பிப்ரவரி 1 அன்று தூரின் நகரில் முதன்முதலாக மேடையேறியபோது ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர், பின்னாளில் பெரும் புகழ் பெற்ற தோஸ்கானினி, அப்போது அவருக்கு வயது 28. பூச்சினி இதில் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்கவில்லை.

இரண்டாவது, நீங்கள் சொன்னீர்களே, பாடல் தெரியும், யார் யாரிடம் பாடுகிறார்கள் என்று தெரியாது என்று. அதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. "என்ன குளிர்ந்த சின்னக் கை" என்று ஏழைக் கவிஞன் ரொடோல்ஃபோ பாடும் ஆரியா உங்களுக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். அது வரும் இடத்தைப் பாருங்கள். பக்கத்து அறைப் பெண் மிமி, மெழுகுவத்தி அணைந்துபோனதால் ஏற்றிக்கொள்ள வருகிறாள். சாவியைத் தவறவிடுகிறாள். திரும்பவும் வத்தி அணைகிறது, ரொடோல்ஃபோவுடையதும் அணைந்துவிடுகிறது. இருட்டில் இரண்டு பேரும் தரையைத் துழாவுகிறார்கள். சாவி அவன் கையில்தான் முதலில் கிடைக்கிறது, சத்தமில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டு இன்னும் தேடுகிற மாதிரியே அவள் கையைத் தேடிப் போகிறான். அப்புறம்தான் அந்தப் பாட்டு. ஒரு சின்னத் திருட்டுக்குப் பிறகு வரும் பாட்டு என்று தெரிந்தபின் அந்த முதல் வரி வேறு மாதிரி கேட்கும்.

கடைசி அங்கத்தில் மிமி இறப்பதை ரொடோல்ஃபோதான் கடைசியாகத் தெரிந்துகொள்கிறான். அவன் ஜன்னல் பக்கம் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு நிற்கும்போது அவன் நண்பன் ஷோனார் கட்டிலருகே போய்ப் பார்க்கிறான், இன்னொரு நண்பன் மார்செல்லோவிடம் மெல்லச் சொல்கிறான். ரொடோல்ஃபோ திரும்பி இவர்கள் முகங்களைப் பார்க்கிறான், ஏன் இப்படிப் போய் வருகிறீர்கள், ஏன் என்னை இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறான். அதைப் பாடக்கூட இல்லை, பேசுகிறான். பார்க்கிற நமக்கு அதற்கு முன்பே தெரிந்துவிட்டிருக்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே போகலாம்.

---

ஏழாவதுகுரல் எழுதியது:

மேல்மாடி எழுதியது எல்லாம் உண்மை, ஆனாலும் முதல் படைப்பாக நான் "ஃபிகரோ"வைத்தான் சொல்வேன். எந்தப் படைப்பு பெரியது என்பதைப் பார்க்காமல், இந்தக் குழுவால் எது முழுசாகக் கைகூடும் என்று பாருங்கள்.

பூச்சினியின் ஆர்கெஸ்ட்ரா பெரியது. வட்டாரக் குழுக்கள் பல நேரம் குழியில் இடம் போதாமலும் ஆள் எடுக்கப் பணம் போதாமலும் குறைத்து எழுதிய பிரதியை வைத்து வாசிப்பார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தந்தி வாத்தியங்கள் குறையும்போது அந்தப் பெருக்கு கொஞ்சம் மெலியும். மோட்சார்ட்டுக்கு அந்தச் சிக்கலே இல்லை. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன், கொம்பு, ட்ரம்பெட் எல்லாம் இவ்விரண்டு, டிம்பனி, தந்தி வாத்தியங்கள். 1786 மே 1 அன்று வியன்னாவின் பர்க் அரங்கில் மேடையேறியபோது எழுதப்பட்டிருந்தபடியே ஒரு சின்னக் குழு இன்றைக்கும் வாசிக்கலாம். பெரிய அரங்கில் "ஃபிகரோ" பார்ப்பதுதான் உண்மையில் நஷ்டம், அதில் வரும் பார்வைகளும் சைகைகளும் பத்துப் பதினைந்து வரிசைக்கு மேல் போனால் தெரியாது.

இரண்டாம் அங்கத்தின் முடிவை மட்டும் சொல்கிறேன். பிரபு தன் மனைவியின் அறைக்குள் யாரோ ஆண் ஒளிந்திருப்பதாகச் சந்தேகப்பட்டுக் கதவை உடைக்கக் கருவியோடு நிற்கிறார். பிரபுவும் பிரபுவின் மனைவியும் சண்டையிட இரண்டு குரலில் தொடங்குகிறது. கதவு திறந்தால் வெளியே வருவது பணிப்பெண் சுசானா, மூன்று குரல். அவளை மணக்கப்போகும் வேலைக்காரன் ஃபிகரோ உள்ளே வர நான்கு. ஜன்னலிலிருந்து எவனோ என் பூச்செடிமேல் குதித்துவிட்டான் என்று தோட்டக்காரர் புகாரோடு வர ஐந்து. அவர் போனபிறகு வழக்கோடு வந்து நிற்கும் மூன்று பேரையும் சேர்த்துக் கடைசியில் ஏழு. சுமார் இருபது நிமிடம், நடுவில் ஒரு இடத்திலும் பேச்சுக்காக நிற்காமல், ஒவ்வொரு ஆள் வரும்போதும் தாளமும் சுருதியும் மாறிக்கொண்டே ஓடுகிறது. ஏழு பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு எண்ணத்தைப் பாடுகிறார்கள், ஒவ்வொருவர் எண்ணமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. வசன நாடகத்தில் ஏழு பேர் ஒன்றாகப் பேசினால் இரைச்சல்தான் மிஞ்சும். ஓபரா என்ற கலை எதற்காக இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இருபது நிமிடத்தைத்தான் காட்டுவேன்.

இந்தக் கதைக்கு மூலமான, பிரெஞ்சு நாடக ஆசிரியர் போமார்ஷேயின் நாடகத்தை வியன்னாவில் மேடையேற்றக் கூடாது என்று பேரரசர் இரண்டாம் ஜோசஃப் தடுத்திருந்தார், வேலைக்காரன் எஜமானை மடக்குகிற கதை அல்லவா. கவிஞர் டா பொன்தே அதை இத்தாலியனில் ஓபராவுக்கான பாட்டுப்பிரதியாக மாற்றித்தான் உள்ளே கொண்டுவந்தார். முதல் சில காட்சிகளில் ரசிகர்கள் மறுபடி மறுபடி பாடச் சொன்னதில் இரவு நீண்டுகொண்டே போக, ஒன்றுக்கு மேற்பட்ட குரல்கள் பாடும் பகுதிகளைத் திரும்பப் பாடக் கூடாது என்று அதே பேரரசர் உத்தரவு போட வேண்டியதாயிற்று.

நீளம் மூன்று மணி நேரம், அது உண்மைதான். நான்காம் அங்கத்தில் கொஞ்சம் தொய்வு வரும், பல குழுக்கள் அதில் இரண்டு ஆரியாக்களை வெட்டிவிடுவார்கள், தவறில்லை. ஆனால் முடிவில் பிரபு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கும் இடம் வரும்வரை எழுந்துவிடாதீர்கள்.

---

கோரஸ்_இரண்டாம்வரிசை எழுதியது:

நான் வேறொரு வட்டாரக் குழுவில் கோரஸில், அதாவது கூட்டமாகச் சேர்ந்து பாடுபவர்களில் ஒருவராகப் பாடுகிறேன், பகலில் வேறு வேலை. எங்களைப் போன்ற குழுக்களில் கோரஸ் பெரும்பாலும் இப்படித்தான். அதனால் "துணிச்சல் இல்லையா" என்ற கேள்விக்கு உள்ளே இருந்து பதில் சொல்லலாம் என்று தோன்றுகிறது.

டிக்கெட் பணத்தில் மட்டும் எந்த ஓபரா குழுவும் நடப்பதில்லை, மீதிக்கு நன்கொடையையும் மானியத்தையும் நம்ப வேண்டும். அரங்கு நிறைகிற ஒரு படைப்பு இல்லாவிட்டால் நன்கொடையாளர்களிடம் போய் நிற்பதும் கஷ்டம். இது எல்லோரும் ஊகிக்கக்கூடியது. ஊகிக்க முடியாத காரணங்கள் வேறு. மோட்சார்ட், பிஸே, பூச்சினி மூவருக்கும் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது, புதுப் படைப்பென்றால் பதிப்பகத்துக்கு உரிமைத் தொகை, வாத்தியப் பிரதிகளுக்கு வாடகை என்று ஆரம்பத்திலேயே செலவு. மேடை அமைப்பையும் உடைகளையும் இன்னொரு குழுவிடமிருந்து வாடகைக்கு எடுக்கலாம், "போயெம்" மாடி அறை எத்தனையோ குழுக்களின் கிடங்கில் இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியம் ஒத்திகை. எங்களுக்குக் கிடைப்பது மூன்று, நான்கு வாரம். முதன்மைப் பாடகர்கள் அந்தப் பாத்திரத்தை ஏற்கெனவே வேறு இடத்தில் பாடி உடம்பில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், வந்த முதல் நாளே சுவடியை மூடிவைத்துவிட்டு நடிப்புக்குப் போய்விடலாம். யாருக்கும் தெரியாத படைப்பில் அந்த வாரங்கள் சுரம் பழகுவதிலேயே போய்விடும். அப்படி ஒரு புதுப் படைப்பைச் செய்ய முடிகிற சீசனும் வரும், ஆனால் அதன் செலவைப் பெரும்பாலும் "கார்மென்"தான் தாங்கும்.

ஆகவே பழையது என்பது சோம்பல் இல்லை. நாங்கள் பாடும் "கார்மென்" ஒவ்வொரு முறையும் வேறு. நடத்துநர் மாறினால் வேகம் மாறுகிறது, இயக்குநர் மாறினால் நான் எந்தப் பக்கம் பார்த்துப் பாடுகிறேன் என்பதே மாறுகிறது.

"கார்மென்" பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். 1875 மார்ச் 3 அன்று பாரிஸின் ஓபரா கோமிக்கில் முதல் காட்சி, வரவேற்பு மந்தம். சரியாக மூன்று மாதம் கழித்து ஜூன் 3 அன்று பிஸே இறந்துவிட்டார், வயது 36. அந்த ஆண்டு அக்டோபரில் வியன்னாவில் அது பெரிய வெற்றி பெற்றதை அவர் பார்க்கவில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பாரிஸில் பாட்டுக்கு நடுவே வசனமாகப் பேசினார்கள், வியன்னாவுக்காக அவருடைய நண்பர் கிரோ வசனங்களுக்குப் பதிலாகப் பாடும் பகுதிகளை எழுதிச் சேர்த்தார். இன்றைக்கும் இரண்டு விதமாகவும் போடுகிறார்கள். உங்கள் குழு எந்த வடிவத்தை எடுத்திருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எனக்கு வசனம் உள்ள வடிவம்தான் பிடிக்கும், கார்மெனைக் காதலிக்கும் ஜோஸே என்கிற படைவீரன் எவ்வளவு ஆபத்தானவன் என்பது அதில்தான் தெரியும்.

இரண்டாம் அங்கத்தில் ஜோஸேக்காகக் கார்மென் ஆடும் இடத்தைக் கவனியுங்கள். கையில் காஸ்டனெட் (விரல்களால் தட்டி ஒலிக்கும் சின்னத் தாள வாத்தியம்), சொல்லே இல்லாத பாட்டு. நடுவில் தூரத்தில் படைமுகாமுக்குத் திரும்பச் சொல்லி ட்ரம்பெட் ஊதுகிறது. இரண்டு மெட்டும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்துகிறது, கார்மெனுக்கு அது கூடுதல் வாத்தியம் வந்த மாதிரி சந்தோஷம், ஜோஸேக்கோ கிளம்ப வேண்டிய நேரம். அவன் தவிப்பு முழுக்க அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ட்ரம்பெட் வாசிப்பவர்கள் மேடைக்குப் பின்னால் நிற்பார்கள், நடத்துநரை ஒரு சின்னத் திரையில் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள். பக்கத்தில் நாங்கள் அடுத்த நுழைவுக்காக மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். பதிவில் அந்தத் தூரம் போலியாகத்தான் இருக்கும், அரங்கில் நிஜமாகவே தூரத்திலிருந்து வரும்.

மூன்றும் பாருங்கள் என்பதுதான் என் பதில்.

---

பக்கத்துஇருக்கை எழுதியது:

மொழிக் கவலை வேண்டாம். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும். 1983ல் டொரன்டோவில் கனடிய ஓபரா கம்பெனி "எலெக்ட்ரா"வுக்கு முதன்முதலாகச் செய்தது, இப்போது சின்னக் குழுக்களும் செய்கின்றன. கவனிக்க வேண்டியது இருக்கைதான். ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் மேலே நிமிர்ந்து படித்துக் கழுத்து வலிக்கும். ஓரத்து இருக்கைகளில் மேடையின் ஒரு மூலை மறையும், மிமியின் கட்டில் அந்த மூலையில் இருந்தால் போச்சு. பால்கனிக்கு அடியில் ரொம்ப உள்ளே போனாலும் ஒலி மங்கும். பால்கனியின் முன்வரிசை நடுப்பகுதிதான் என் தேர்வு, விலையும் கீழ்த்தளத்தைவிடக் குறைவாகவே இருக்கும், ஆர்கெஸ்ட்ரா குழியும் முழுசாகத் தெரியும்.

ஆரியா முடிந்து ரசிகர்கள் கைதட்டினால் நீங்களும் தட்டலாம். அங்கத்தின் கடைசியில் மட்டும் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் நிற்கிற வரை பொறுங்கள். திரை இறங்க ஆரம்பித்ததும் தட்டிவிடுகிறார்கள், "போயெம்" முடிவில் கடைசி இசை அதில் மூழ்கிப்போகிறது. அந்த இசை, ரொடோல்ஃபோவின் நண்பன் கொல்லின் தன் பழைய கோட்டுக்கு விடை சொல்லிப் பாடிய மெட்டின் முடிவு. மிமிக்காக அவன் அடகு வைக்கப் போன கோட்டு. அதைக் கேட்காமல் வந்துவிடக் கூடாது.

---

நிலாமுற்றம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விரிவாக எதிர்பார்க்கவில்லை. சந்தா எடுத்துவிட்டேன், பால்கனி இரண்டாம் வரிசை நடுவில் கிடைத்தது.

இரண்டு சந்தேகம் மிச்சம். குழுவின் அறிவிப்பில் "கார்மென்" கதையை 1820 வாக்கிலான செவில்லிலிருந்து எடுத்து நம் காலத்துக்குக் கொண்டுவரப் போவதாகப் போட்டிருக்கிறார்கள். முதல்முறை பார்க்கிற எனக்கு அது குழப்புமா? அப்புறம், ஒவ்வொன்றும் மூன்று காட்சிகள்தான், முதல் காட்சிக்குப் போவதா கடைசிக் காட்சிக்கா? தேதியை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

---

கோரஸ்_இரண்டாம்வரிசை எழுதியது:

காலத்தை மாற்றுவது பரவாயில்லை, இசையில் ஒரு சுரமும் மாறாது. நான் ஒன்றே ஒன்றைத்தான் பார்ப்பேன்: ஜோஸே இன்னும் ஒரு கட்டளைக்குக் கட்டுப்பட்டவனாக இருக்கிறானா? அவன் ராணுவத்திலோ போலீஸிலோ இருந்தால் அந்த ட்ரம்பெட் காட்சி நிற்கும். அவனை வெறும் காதலனாக மட்டும் ஆக்கிவிட்டால் முதல் இரண்டு அங்கத்துக்கும் முதுகெலும்பு போய்விடும். கடைசி அங்கம் எந்தக் காலத்திலும் நிற்கும், காளைச்சண்டை அரங்குக்கு உள்ளே கூட்டம் காளைச்சண்டை வீரன் எஸ்காமியோவுக்கு ஆர்ப்பரிக்க, வெளியே ஆளில்லாத இடத்தில் அவன் அவளைக் குத்துகிறான். அந்த ஆர்ப்பரிப்பைப் பாடுவது நாங்கள்தான், மேடையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டே உற்சாகமாகப் பாட வேண்டும்.

காட்சிகளில் நடுவில் உள்ளதை எடுங்கள். முதல் நாள் எல்லோருக்கும் பதற்றம், கோரஸ் நடத்துநரைவிட்டுக் கண்ணை எடுக்காது. கடைசி நாளில் மூன்றாவது முறையாகப் பாடும் களைப்பு குரலில் லேசாகத் தெரியலாம். பெரிய பாத்திரத்தை அடுத்தடுத்த நாள் பாட முடியாது என்பதால் இடையில் ஓய்வு நாள் விட்டிருப்பார்கள், இரண்டாவது காட்சிக்குக் குரல் தேறி வந்துவிடும், நடிப்பும் தளர்ந்து இயல்பாகும்.

---

மேல்மாடி எழுதியது:

நான் இதில் மாறுபடுகிறேன். கடைசி நாளில் யாரும் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ரொடோல்ஃபோ தன் ஆரியாவின் உச்ச சுரத்தை இன்னும் ஒரு நொடி கூடப் பிடிப்பான். "போயெம்" மட்டுமாவது கடைசிக் காட்சிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

---

ஏழாவதுகுரல் எழுதியது:

முதலில் வருவது "ஃபிகரோ" என்பதால் அதற்கு மட்டும் கொஞ்சம் தயாராகிவிட்டுப் போங்கள். யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் மேலே ஓடும் வரிகளைப் பாதிதான் பார்க்க வேண்டியிருக்கும், மீதி நேரம் முகங்களைப் பார்க்கலாம். கெருபினோ என்ற பையன் பாத்திரத்தைப் பெண்தான் பாடுவார், அந்தப் பையனுக்கு மேடையிலேயே பெண் வேடம் போடுகிறார்கள், இதைத் தெரிந்துகொண்டு போனால் குழப்பம் வராது. இரண்டாம் அங்கம் தொடங்கும்போது பிரபுவின் மனைவி முதன்முதலாக மேடைக்கு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், நேராக அந்த மெதுவான ஆரியாவைப் பாட வேண்டும். குரலைச் சூடேற்றிக்கொள்ள அவருக்கு மேடையில் வேறு ஒரு வரிகூட இல்லை. அந்த முதல் சுரத்தை அவர் எப்படி எடுக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.

கதைச் சுருக்கத்தை இரண்டாம் அங்கம் வரை படித்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். வழக்கோடு வரும் அந்த மூவரில் ஒருத்தியான மார்செலினா யார் என்று மூன்றாம் அங்கத்தில் தெரியவரும் இடத்தை நீங்கள் அரங்கில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.